மரம் குடித்த நஞ்சு: பின்கட்டுப் பலகைத் தளத்தின் வரலாறு

அமெரிக்கத் தனி வீடுகளின் பின்கட்டை ஒட்டி, தரைக்குச் சற்று மேலே பலகைகளால் ஒரு திறந்த தளம் அமைத்திருப்பதைத் திரைப்படங்களில் பலரும் பார்த்திருக்கலாம். அங்கே அதை 'டெக்' என்கிறார்கள். மாலையில் நாற்காலி போட்டு உட்காரவும், விருந்தினர் வந்தால் வெளியே சமைத்துச் சாப்பிடவும், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடியாடவும் அதுதான் இடம். அதற்குக் கூரை கிடையாது. மழை, பனி, வெயில் எல்லாம் நேராக அதன் தலையில்தான் விழும். சாதாரண பைன் மரத்தில் அப்படி ஒரு தளம் கட்டினால் ஈரமான ஊர்களில் சில ஆண்டுகளிலேயே உளுத்துக் கொட்டிவிடும்.

ஆனாலும் பெரும்பாலான டெக்குகள் பைன் மரத்தில்தான் நிற்கின்றன. மருந்தேற்றிய மரம் என்பதுதான் காரணம். மரவாடியில் லேசான பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் அடுக்கி வைத்திருக்கும் அந்தப் பலகைகளின் முனையில் ஒரு சின்னச் சீட்டு அடித்திருக்கும். சில எழுத்துகள், ஓர் எண், அவ்வளவுதான். வாங்குகிறவர்களில் பலர் அதைப் படிப்பதே இல்லை. ஆனால் அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. மரத்தைக் காப்பாற்றும் நஞ்சு மனிதனுக்கு எவ்வளவு அருகில் வரலாம்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் சொன்ன விடைதான் அந்த வரலாறு.

மரம் ஏன் உளுக்கிறது?

மரத்தை அழிப்பது மழை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் தண்ணீர் வழி திறந்து விடுகிறது, தின்பது பூஞ்சை. ஈரம், காற்று, மிதமான வெப்பம், உணவு ஆகிய நான்கும் பூஞ்சைக்கு வேண்டும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. கூரைக்குள் இருக்கும் உத்தரம் நூறாண்டு நிற்பதும், வாசலில் நட்ட கம்பம் சீக்கிரமே இற்றுப்போவதும் இதனால்தான். கறையானும் மற்றப் பூச்சிகளும் தனி எதிரிகள்.

சில மரங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். தேக்கு, அமெரிக்காவின் ரெட்வுட், செடார் போன்றவற்றின் வைரம் பாய்ந்த உள்மரத்தில் பூஞ்சைக்கு ஒவ்வாத பொருள்கள் இயற்கையாகவே சேர்ந்திருக்கின்றன. அதாவது, அவை தமக்கு வேண்டிய நஞ்சைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. ஆனால் அதே மரங்களின் வெளிமரத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பைன் போல வேகமாக வளரும் மரங்களில் வெளிமரம்தான் அதிகம். ஆகவே இயற்கை கொடுக்காததை மனிதன் உள்ளே செலுத்த வேண்டியதாயிற்று.

போர்க்கப்பலும் சவ்வீரமும்

இந்தத் தேவையை உரக்கச் சொன்னது பிரிட்டிஷ் கடற்படை. 1810-ல் கடலில் இறக்கிய 'குயீன் சார்லட்' என்ற பெரிய போர்க்கப்பல், சண்டைக்குப் போவதற்கு முன்பே பலகைகள் உளுத்துப்போய்ப் பெரும் மராமத்துக்கு வந்து நின்றது. ஓக் மரம் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலம் அது. இப்படி ஒரு கப்பல் வீணாவது எவ்வளவு பெரிய நட்டம்!

1832-ல் ஜான் ஹோவர்ட் கயன் என்பவர் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தைப் பாதரசக் குளோரைடு கரைசலில் ஊற வைப்பது அவருடைய வழி. சித்த மருத்துவத்தில் சவ்வீரம் என்று சொல்கிறார்களே, அதேதான். கொடிய நஞ்சு. 1833-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இந்த முறையைப் பற்றித் தனி உரையே நிகழ்த்தினார். கயனின் முறை சில காலம் புகழோடு இருந்தது. ஆனால் மருந்தின் விலை அதிகம், இரும்பை அரிக்கும் குணமும் அதற்கு உண்டு. தவிர, வெறுமனே ஊற வைப்பதால் மருந்து மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போகவில்லை.

1838-ல் வில்லியம் பர்னெட் என்ற கடற்படை மருத்துவர் துத்தநாகக் குளோரைடைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜான் பெத்தல் பெற்ற காப்புரிமைதான் மரத் தொழிலையே மாற்றியது. அவர் பயன்படுத்தியது நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரியோசோட் எண்ணெய். ஆனால் எண்ணெயை விட அதை உள்ளே செலுத்திய விதம்தான் முக்கியம்.

மரத்தை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவை இறுக மூடுவார்கள். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்றும் அதோடு வெளியேறும். பிறகு மருந்தை நிரப்பி அழுத்தம் கொடுப்பார்கள். இன்றைய ஆலைகளில் இந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 10 மடங்கு வரை போகும். துளைகளில் காற்று இருந்த இடமெல்லாம் மருந்து புகுந்துவிடும். இன்று மரவாடியில் வாங்கும் பலகையும் இதே அடிப்படையில்தான் மருந்து குடித்து வருகிறது. மருந்து பலமுறை மாறிவிட்டது, உருளை மட்டும் மாறவில்லை.

ரயில் பாதை வளர்த்த தொழில்

இருப்புப்பாதைகள் பெருகியபோது லட்சக்கணக்கான ஸ்லீப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. அவை மண்ணிலேயே கிடப்பவை, ஆகையால் விரைவில் மக்கிவிடும். 1865-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்செட் என்ற ஊரில் அமெரிக்காவின் முதல் கிரியோசோட் அழுத்த ஆலை அமைந்தது. 1902-ல் ரூப்பிங், 1906-ல் லவ்ரி ஆகியோரின் புதிய முறைகள் வந்தன. துளைச் சுவர்களில் மட்டும் எண்ணெய் படிந்து, மிச்சம் வெளியேறுவதற்கு அவை வழி செய்தன. எண்ணெய்ச் செலவு குறைந்தது. 1904-ல் மரப் பாதுகாப்புத் தொழிலுக்கென்று அமெரிக்காவில் ஒரு சங்கமே உருவாயிற்று. இன்றும் அங்கே தரங்களை வகுப்பது அந்தச் சங்கம்தான்.

கிரியோசோட் மரத்தை நன்றாகக் காத்தது. ஆனால் கறுப்பு நிறம், கடுமையான வாடை, தொட்டால் கையிலும் உடையிலும் ஒட்டும் பிசுக்கு. மேலே வண்ணமும் பூச முடியாது. தண்டவாளத்துக்கும் துறைமுகத் தூணுக்கும் அது போதும். வீட்டுக்குப் பக்கத்தில் வைக்க யாருக்கு மனம் வரும்? அந்த வாடையே மனிதர்களை விலக்கி வைத்தது என்றும் சொல்லலாம்.

டேராடூனில் பிறந்த மருந்து

அடுத்த பெரிய மாற்றம் இந்தியாவிலிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம், 1933-ல் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து ஒரு கலவையை உருவாக்கினார். ஆர்செனிக், தாமிரம் இரண்டின் வேதியியல் குறியீடுகளையும் இணைத்து அதற்கு 'ஆஸ்கு' என்று பெயர் வந்தது. 1938-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னாளில் உலகம் அதைச் 'சி.சி.ஏ.' என்று அழைத்தது.

அதுவரை தண்ணீரில் கரையும் மருந்துகளுக்கு ஒரு தீராத குறை இருந்தது. தண்ணீரில் கரைத்து உள்ளே ஏற்றினால், அடுத்த மழைத் தண்ணீரிலேயே கரைந்து வெளியே வந்துவிடும். காமேசத்தின் கலவை இந்த முடிச்சை அவிழ்த்தது. மரத்துக்குள் போன குரோமியம் அங்கே வேதிமாற்றம் அடைந்து, தாமிரத்தையும் ஆர்செனிக்கையும் கரையாத சேர்மங்களாக மரத்தோடு பிணைத்துவிடுகிறது. தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும். தாமிரத்துக்கு அடங்காத சில பூஞ்சைகளையும், கறையானையும் ஆர்செனிக் பார்த்துக்கொள்ளும். காவல், தண்டனை, பூட்டு என்று மூன்று வேலையும் மூவருக்குள் பங்கிடப்பட்டது.

மிசிசிப்பியில் 1938 முதல் அமெரிக்க வனத்துறை ஒரு நீண்ட சோதனை நடத்தி வந்தது. விதவிதமான மருந்து ஏற்றிய மர முளைகளை மண்ணில் நட்டு, ஆண்டுதோறும் பிடுங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் சோதனை அது. மருந்தில்லாத பைன் முளைகள் சில ஆண்டுகளில் போய்விட்டன. சி.சி.ஏ. ஏற்றியவையோ பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன. வாடை இல்லை, பிசுக்கு இல்லை, வண்ணமும் பூசலாம். தொலைபேசிக் கம்பங்களுக்கும் மின்கம்பங்களுக்கும் அது ஏற்றதாக இருந்தது.

கம்பத்திலிருந்து காலடிக்கு

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர் வீடுகள் பெருகின. பின்கட்டில் தோட்டமும் டெக்கும் வைத்துக்கொள்ளும் பழக்கம் முதலில் கலிபோர்னியா பக்கம் பரவியது. அங்கே ரெட்வுட் கிடைத்ததால் மருந்து தேவைப்படவில்லை. நாடு முழுவதற்கும் கொடுக்க ரெட்வுட் எங்கே இருக்கிறது? தென்மாநிலங்களில் விளையும் மஞ்சள் பைன் ஏராளமாக இருந்தது. அதன் வெளிமரம் மருந்தை எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். 1970-களிலிருந்து சி.சி.ஏ. ஏற்றிய பைன் சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் கடைகளுக்கு வந்தது. டெக், வேலி, தோட்டத்து மேசை, குழந்தைகளின் ஊஞ்சல், ஏறி விளையாடும் மரக்கோட்டை என்று எங்கும் அதே பச்சைநிற மரம்.

கம்பத்தை யாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. ஆனால் டெக்கில் குழந்தை தவழும், கீழே விழுந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்னும். கையை வாயில் வைக்கும். அதே மருந்துதான், ஆனால் அது நின்ற இடம் மாறிவிட்டது. அந்த மாற்றத்தைப் பலகாலம் யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்ணைத் தொடும் இடத்துக்கான சி.சி.ஏ. மரத்தில் ஒரு கன அடிக்கு 0.40 பவுண்டு மருந்து இருக்க வேண்டும் என்பது தரம். ஒன்றரை அங்குல கனம், ஐந்தரை அங்குல அகலம், 12 அடி நீளம் உள்ள ஒரே ஒரு பலகையில் அப்படியானால் சுமார் 27 கிராம் ஆர்செனிக் இருக்கும்! அதில் மிகப் பெரும்பகுதி மரத்தோடு பிணைந்தே கிடக்கும் என்பது உண்மை. ஆனால் முழுவதும் அல்ல. மேற்பரப்பில் கொஞ்சம் கையில் ஒட்டும், மழையில் கொஞ்சம் கரைந்து கீழே மண்ணில் சேரும்.

எரித்தால் நிலைமை இன்னும் மோசம். 1984-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் விஸ்கான்சின் மாநிலத்துக் கிராமப்புறக் குடும்பம் ஒன்றைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. வீட்டுக் கணப்பில் இந்த மரத்தை விறகாக எரித்த அவர்களுக்கு முடி உதிர்தல், தோல் தடிப்பு, தலைவலி, தசைப்பிடிப்பு எல்லாம் வந்தன. குளிர்காலம் தோறும் நோய் வந்ததற்குக் காரணம் அடுப்புச் சாம்பலிலும் புகையிலும் இருந்த ஆர்செனிக்.

2001-ல் விளையாட்டுச் சாதனங்களில் இந்த மரத்தைத் தடை செய்ய வேண்டும் என்று அமைப்புகள் அரசிடம் மனுக் கொடுத்தன. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வாளர்கள் 2003-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். இத்தகைய விளையாட்டுச் சாதனங்களில் தொடர்ந்து விளையாடும் குழந்தைகளில் 10 லட்சம் பேருக்கு 2 முதல் 100 பேர் வரை, பிற்காலத்தில் நுரையீரல் அல்லது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் கூடுதல் அபாயம் உண்டு என்பது அதன் சாரம். மிகப் பெரிய எண் இல்லைதான். ஆனால் ஒரு ஊஞ்சலுக்காக ஏற்க வேண்டிய அபாயமா என்று பெற்றோர் கேட்டார்கள்.

அதற்குள் உற்பத்தியாளர்களே முன்வந்து ஒதுங்கச் சம்மதித்திருந்தார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002 பிப்ரவரியில் அதை அறிவித்தது. 2003 டிசம்பர் 31-க்குப் பிறகு, பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்காக மரத்தில் சி.சி.ஏ. ஏற்றுவது நின்றது. கம்பங்கள், கடல்நீரில் நிற்கும் தூண்கள், பண்ணைக் கால்கள் போன்றவற்றுக்கு அது தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. ஒருவகையில் அந்த மருந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனது எனலாம்.

புது மருந்தும் துருப்பிடித்த ஆணியும்

2004 முதல் கடைகளுக்கு வந்த மரங்களில் ஆர்செனிக்கும் இல்லை, குரோமியமும் இல்லை. தாமிரத்தோடு ஓர் அம்மோனியச் சேர்மம் கலந்த 'ஏ.சி.க்யூ.' ஒன்று. தாமிரத்தோடு அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லி சேர்ந்த 'காப்பர் அசோல்' இன்னொன்று. இவற்றில் ஏ.சி.க்யூ. மருந்து 2002-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றுத் தந்தது.

ஆனால் ஒரு சங்கடம் முளைத்தது. ஆர்செனிக் போன இடத்தை நிரப்பத் தாமிரத்தின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. தாமிரமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அரிபடுவது இரும்புதான். பழைய மரத்துக்குப் பழகிய சாதாரண ஆணிகளும், உத்தரங்களைத் தாங்கும் இரும்புக் கொண்டிகளும் புது மரத்தில் வேகமாகத் துருப்பிடித்தன. மரம் திடமாக நிற்கும், பிடித்துக்கொண்டிருக்கும் ஆணி இற்றுப்போகும் என்றால் என்ன பயன்? அதன் பிறகே கனமான துத்தநாக முலாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற நிபந்தனைகள் வலுப்பெற்றன. பின்னர் தாமிரத்தைக் கரைக்காமல் மிக நுண்ணிய துகளாக அரைத்து ஏற்றும் முறையும் வந்தது. அதில் இரும்பு அரிப்பு குறைவு, பச்சை நிறமும் குறைவு.

இன்று வாங்குகிறவருக்கு

புதிதாக டெக் போடுகிறவரும் பழையதை மாற்றுகிறவரும் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, அந்தச் சீட்டைப் படிக்க வேண்டும். 'யு.சி.3பி' என்றிருந்தால் தரைக்கு மேலே, காற்றோட்டம் உள்ள இடத்துக்கு. 'யு.சி.4ஏ' என்றிருந்தால் மண்ணைத் தொடும் இடத்துக்கு. தூண்களுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். உத்தரமும் சட்டங்களும் மண்ணைத் தொடாவிட்டாலும், பின்னால் மாற்றுவதற்குக் கடினமானவை என்பதால் அவற்றுக்கும் பெரும்பாலும் இரண்டாவது வகையே ஏற்றது. 2016-ல் தரமே அப்படித் திருத்தப்பட்டது. நடக்கும் பலகைகளுக்கு, கீழே நல்ல இடைவெளி இருந்தால் முதல் வகை போதும்.

இரண்டாவது, எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. காப்பர் அசோலில் ஒரு வகைக்குத் தரைக்கு மேலே 0.06, மண்ணில் 0.15 பவுண்டு போதும். ஏ.சி.க்யூ.வுக்கு மண்ணில் 0.40 வேண்டும். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூன்றாவது, அறுத்த முனை. மருந்து எப்போதும் மரத்தின் நடுவரை போவதில்லை. டக்ளஸ் ஃபிர் போன்ற மரங்கள் அதை எளிதில் உள்ளே விடாது என்பதால்தான் அவற்றின் மேல் சிறுசிறு கீறல்கள் போட்டு மருந்தேற்றுகிறார்கள். ஆகவே வேலையிடத்தில் அறுக்கும்போது தெரியும் வெளிர்நிற முனைக்கும், துளையிட்ட இடத்துக்கும் தாமிர நாப்தனேட் போன்ற மருந்தைத் தூரிகையால் பூச வேண்டும். இது பலரும் விட்டுவிடும் வேலை. உளுப்பு தொடங்குவதும் அங்கேதான்.

நான்காவது, ஈரம். ஆலையிலிருந்து நேராக வரும் பலகை தண்ணீர் குடித்துக் கனமாக இருக்கும். காயும்போது சுருங்கும், முறுக்கும். மருந்தேற்றிய பிறகு சூளையில் உலர்த்திய பலகைக்கு விலை கூடுதல் என்றாலும் அது அவ்வளவாக நெளியாது.

ஐந்தாவது, ஆணி, திருகாணி, கொண்டி எல்லாம் அந்த மருந்துக்கு ஏற்றவையா என்று பார்க்க வேண்டும். அலுமினியம் தாமிர மருந்துள்ள மரத்தை நேராகத் தொடக் கூடாது. மேல்பலகைக்குப் பிளாஸ்டிக் கலந்த செயற்கைப் பலகை வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஏனென்றால் கீழே தாங்கி நிற்கும் சட்டகம் பெரும்பாலும் மருந்தேற்றிய மரம்தான்.

பழைய டெக்கை என்ன செய்வது?

2004-க்கு முன் கட்டிய டெக் என்றால் அது சி.சி.ஏ. மரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைப் பிடுங்கி எறிந்தே ஆக வேண்டும் என்று சுற்றுச்சூழல் முகமை சொல்லவில்லை. மரத்துக்குள் ஊறும் வகைப் பூச்சை ஆண்டுக்கு ஒருமுறையாவது அடித்தால் கையில் ஒட்டும் ஆர்செனிக் கணிசமாகக் குறையும். தோல்போல உரியும் வண்ணம் பூசினால், பிறகு அதைச் சுரண்டும்போது தூளோடு நஞ்சும் பறக்கும். குழந்தைகள் விளையாடிவிட்டுக் கை கழுவ வேண்டும், உணவை நேராகப் பலகைமேல் வைக்கக் கூடாது.

பிரித்து எடுக்கும் நாள் வரும்போது இன்னும் கவனம் தேவை. அறுக்கும்போது முகமூடி, கையுறை வேண்டும். மரத்தூளைக் கூட்டி அள்ள வேண்டும். தோட்டத்துக்கு உரமாகவோ மூடாக்காகவோ போடக் கூடாது. எக்காரணம் கொண்டும் எரிக்கக் கூடாது. உள்ளூர் விதிப்படி குப்பைக் கிடங்குக்கு அனுப்புவதுதான் வழி.

புது மருந்துகளும் பாலோ தேனோ அல்ல. தாமிரம் மனிதனுக்கு ஆர்செனிக் அளவு கேடு செய்யாது, ஆனால் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. குளத்தின் மேல் டெக் கட்டுகிறவர் இதையும் யோசிக்க வேண்டும். இந்த மரத்தையும் அடுப்பில் வைக்கக் கூடாது என்ற விதி அப்படியேதான் இருக்கிறது.

காமேசம் தேடியது கறையானும் மழையும் மிகுந்த நாட்டில் மரம் நீடித்து நிற்க ஒரு வழி. அதில் அவர் வென்றார் என்பதற்கு இன்றும் நிற்கும் கம்பங்கள் சாட்சி. மரம் நீண்டநாள் நின்றால், அதற்கு ஈடாக இன்னொரு மரத்தை வெட்ட வேண்டியதில்லை என்ற நன்மையும் அதில் அடங்கியிருக்கிறது. தவறு நேர்ந்தது, கம்பத்துக்குச் சரியாக இருந்தது குழந்தை தவழும் தளத்துக்கும் சரியாக இருக்கும் என்று 30 ஆண்டுகள் கேள்வி கேட்காமல் இருந்ததில். எந்த மரம், எந்த மருந்து, எந்த இடம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தச் சின்னச் சீட்டில் இருக்கிறது. பலகையை வண்டியில் ஏற்றும் முன் ஒரு நிமிடம் நின்று அதைப் படித்துப் பார்ப்பது நல்லது.